கட்டளை வரியை வெட்டுவது யார்? கன்சோல் நிரலுக்கு ஆர்க்யுமென்ட் எடுப்பது பற்றி

கட்டளையில் நிரலின் பெயருக்குப் பின்னால் அடிக்கும் சொற்கள்தான் ஆர்க்யுமென்ட். அதைப் பற்றி வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். சயான் கோலிவாடாவில் தங்கி, வாஷியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார்: "பில் விவரம் இருக்கும் சிஎஸ்வி ஃபைல்களைப் படித்து, பார்ட்டி வாரியாக மாதக் கணக்கு எடுக்கும் சின்ன பைதான் நிரல் எழுதியிருக்கிறேன் அண்ணா. சிஸ்.ஆர்க்வி-யில் வருவதை இஃப், எல்ஸ் போட்டுப் பிரிக்கிறேன். என் லினக்ஸ் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. அலுவலகத்து விண்டோஸில் ஃபோல்டர் பெயர் உடைகிறது, நட்சத்திரக் குறி வேலை செய்வதில்லை, சில பார்ட்டி பெயரைக் கொடுத்தால் ஏதேதோ எரர். அதைப் பிரிக்கும் பார்சரை நானே ஒழுங்காக எழுதட்டுமா, லைப்ரரிக்குப் போகட்டுமா?"

லைப்ரரிக்கே போங்கள். ஆர்க்யுமென்ட்களைப் பிரித்துத் தர பைதானோடு வரும் ஆர்க்பார்ஸ் போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் ஒன்று: நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் ஒன்றுகூட லைப்ரரி போட்டதால் மட்டும் தீராது. மூன்றுமே உங்கள் நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

லினக்ஸில் நீங்கள் அடிக்கிற வரி உங்கள் நிரலுக்கு வருவதே இல்லை. அதை முதலில் வாங்கிக்கொள்வது ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். இடைவெளி பார்த்துத் துண்டு போடுவது, மேற்கோள் குறியைக் கழற்றுவது, டாலர் குறி போட்ட மாறிகளுக்கு மதிப்பு வைப்பது, நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது எல்லாம் அதன் வேலை. முடித்துவிட்டு, வெட்டிய துண்டுகளை ஒரு பட்டியலாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னல் அந்தப் பட்டியலை அப்படியே புதிய நிரலின் நினைவகத்தில் வைக்கிறது. சிஸ்.ஆர்க்வி என்பது அந்தப் பட்டியல்தான். பயனர் மேற்கோள் போட்டாரா, எத்தனை இடைவெளி விட்டார், நட்சத்திரம் அடித்தாரா, பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தாரா என்று உள்ளே இருந்து கண்டுபிடிக்க வழியே கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க, காட்டு.பை என்று ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டே வரி: சிஸ்-ஐ இம்போர்ட் செய்வது, சிஸ்.ஆர்க்வி-யின் முதல் துண்டை விட்டுவிட்டு மீதியை பிரின்ட் செய்வது. இப்போது

பைதான் காட்டு.பை ஏப்ரல் பில்கள்

என்று அடித்தால் ['ஏப்ரல்', 'பில்கள்'] என்று இரண்டு துண்டு வரும். ஏப்ரல் பில்கள் என்பதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து அடித்தால் ['ஏப்ரல் பில்கள்'] என்று ஒரே துண்டு. உங்கள் ஃபோல்டர் பெயர் உடைவதன் கதை இதுதான். இந்த இரண்டு வரிக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஆர்க்யுமென்ட் சம்பந்தமாக எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான், உங்கள் நிரலை அல்ல.

விண்டோஸில் கதையே வேறு. அங்கே ஒரு நிரலைக் கிளப்பும்போது இயங்குதளம் கொடுப்பது துண்டுகளின் பட்டியல் இல்லை, முழு வரியும் ஒரே நீள எழுத்துச் சரம். வெட்டுகிற வேலை கிளம்பிய நிரலின் தலையில் விழுகிறது. நடைமுறையில் சி மொழியின் ரன்டைம் லைப்ரரி அதைச் செய்துவிடுகிறது, பைதானும் கிட்டத்தட்ட அதே விதிப்படி வெட்டப்பட்ட பட்டியலைத்தான் உங்களிடம் தருகிறது. வெட்டும் கத்தி வேறு என்பதால் விதிகளும் வேறு. விண்டோஸின் கட்டளை ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒற்றை மேற்கோளுக்கு மரியாதையே இல்லை. 'ஏப்ரல் பில்கள்' என்று ஒற்றை மேற்கோளில் கொடுத்தால் மேற்கோள் குறிகளும் ஒட்டிக்கொண்டு இரண்டு துண்டாகவே வரும். லினக்ஸில் இரண்டு வகை மேற்கோளும் செல்லும். ஆகவே இரண்டு இடத்திலும் ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிக் கொடுக்கும்போது இரட்டை மேற்கோளே போடுங்கள்.

விண்டோஸில் இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. ஃபோல்டர் என்று தெரியட்டுமே என்று பலரும் கடைசியில் ஒரு பின்சாய்வு போடுவார்கள்:

பைதான் காட்டு.பை "டி:\ஏப்ரல் பில்கள்\" --மாதம் 4

பார்க்க ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பின்சாய்வும் அதையடுத்து மேற்கோளும் சேர்ந்து வந்தால், 'இது மேற்கோளை முடிக்கும் குறி இல்லை, எழுத்தாக வரும் மேற்கோள்' என்று விண்டோஸ் விதி பொருள் கொள்கிறது. அதனால் மேற்கோள் மூடவே இல்லை. வரியின் மீதி முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டு, டி:\ஏப்ரல் பில்கள்" --மாதம் 4 என்று ஒரே ஒரு துண்டாக வருகிறது. 'மாதம் கொடுத்தேனே, கொடுக்கவில்லை என்கிறதே' என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆட்களில் பாதிப்பேர் இந்தப் பின்சாய்வில்தான் விழுந்திருப்பார்கள். கடைசிப் பின்சாய்வை விட்டுவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு பின்சாய்வு போடச் சொல்லுங்கள்.

அடுத்தது நட்சத்திரம். உங்கள் லேப்டாப்பில் *.சிஎஸ்வி என்று அடித்தால் பாஷ் ஷெல் அதை நாற்பதோ ஐம்பதோ கோப்புப் பெயர்களாக விரித்துக் கொடுக்கிறது. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட் விரிப்பதில்லை, *.சிஎஸ்வி என்ற எழுத்துகளே ஒரு துண்டாக வந்து நிற்கும். அந்தப் பெயரில் கோப்பு ஏது, எரர். அதனால் நிரலுக்குள் ஒரு வேலை செய்ய வேண்டும்: வந்த பெயரில் நட்சத்திரமோ கேள்விக்குறியோ இருந்து, அப்படி ஒரு கோப்பும் இல்லையென்றால், க்ளாப் (glob) என்ற மாட்யூலால் நீங்களே விரித்துக்கொள்ளுங்கள். பாஷுக்கும் ஒரு குணம் உண்டு. பொருந்தும் கோப்பு ஒன்றுகூட இல்லையென்றால் அதுவும் நட்சத்திரத்தை அப்படியே அனுப்பிவிடும். 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கில் இயல்பான ஷெல்லாக இருக்கும் இசட்ஷெல்லோ, பொருந்தவில்லை என்று சொல்லி நிரலை ஓட்டவே மறுத்துவிடும். உங்கள் ஆர்க்பார்ஸ் எதுவும் இதில் சம்பந்தப்படவே இல்லை.

சில பார்ட்டி பெயர்கள் மட்டும் எரர் தருகின்றன என்றீர்கள். அந்தப் பெயர்கள் '& சன்ஸ்', '& கோ' என்று முடிகின்றனவா என்று பாருங்கள். அந்த '&' குறிக்கு இரண்டு உலகத்திலும் தனி அர்த்தம் உண்டு. பாஷில் 'இதைப் பின்னணியில் ஓட்டிவிட்டு அடுத்ததைச் செய்', கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'இது முடிந்ததும் அடுத்த கட்டளை'. இரண்டிலும் உங்கள் நிரல் பாதிப் பெயரோடு ஓடும், பிறகு 'சன்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறதா என்று ஷெல் தேடும். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் இரண்டிலும் சரியாகிவிடும். இன்னொரு நிரலிலிருந்து உங்கள் நிரலைக் கூப்பிடுவதாக இருந்தால், வரியாக ஒட்டித் தைத்துக் கொடுக்காமல் சப்ப்ராசஸ் மாட்யூலுக்குப் பட்டியலாகக் கொடுங்கள். ஷெல் வழியாக ஓட்டச் சொல்லும் ஷெல் ட்ரூ (shell=True) என்பதைப் போடாதீர்கள். பார்ட்டி பெயர் என்ற சாக்கில் யாரோ ஒரு அழிக்கும் கட்டளையை உள்ளே விடும் ஓட்டையும் அதோடு அடைபடும்.

சரி, வெட்டிய துண்டுகள் வந்துவிட்டன. இனிமேல்தான் பார்சரின் வேலை. எந்தத் துண்டு ஆப்ஷன், எது அதன் மதிப்பு, எது சும்மா வரும் கோப்புப் பெயர் என்று இனம் பிரிக்க வேண்டும். இதற்கான வழக்கம் பழையது. யுனிக்ஸில் கெட்ஆப்ட் என்ற சி ஃபங்ஷன் இந்த வேலையை ஒரே சீராக்கியது. அதன் மூலநிரலை ஏடி அண்ட் டி நிறுவனம் 1985-இல் டல்லஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் எல்லோருக்கும் பொதுவாக விட்டது. ஒற்றைக் கோடும் ஓர் எழுத்தும் என்பது அந்த மரபு. இரட்டைக் கோடும் முழுச் சொல்லும் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் பரப்பியது. டாஸ், விண்டோஸ் பக்கம் சாய்வுக்கோடு. 1981-இல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டர் என்பதே கிடையாது, சாய்வுக்கோட்டை ஆப்ஷனுக்கு வைத்துவிட்டார்கள். 1983-இல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர் வந்தபோது அந்தக் குறி ஏற்கெனவே கைவசம் போய்விட்டது, அதனால் பாதைக்குப் பின்சாய்வு. இன்றைக்கு விண்டோஸில் ஓடும் பைதான் நிரலானாலும் கோடு மரபையே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிகளான போசிக்ஸ் தரத்தில் ஆப்ஷன் எழுதும் முறைகளுக்கென்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் வாஷி வருவதற்குள் படித்து முடித்துவிடலாம், அவ்வளவுதான் நீளம். நீங்களே பார்சர் எழுத வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதைப் படித்தால் புரியும். -வி -எக்ஸ் என்பதை -விஎக்ஸ் என்று சேர்த்து எழுதலாம். -என் 5 என்றும் வரலாம், -என்5 என்று ஒட்டியும் வரலாம். இரட்டைக் கோடு தனியாக வந்தால் 'ஆப்ஷன் இத்தோடு முடிந்தது, இனி வருவதெல்லாம் பெயர்கள்' என்று பொருள். கோட்டில் ஆரம்பிக்கும் பெயருள்ள கோப்பைக் கையாள அது இல்லாமல் முடியாது. ஒற்றைக் கோடு தனியாக வந்தால் பெரும்பாலும் 'கோப்புக்குப் பதில் உள்ளீட்டுக் குழாயிலிருந்து படி'. இத்தனைக்கும் இஃப் எழுதி, எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பது உங்கள் அலுவலகம் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை இல்லை.

இனி உங்கள் நிரலுக்கு வருகிறேன். எடுத்துக்காட்டில் ஆப்ஷன் பெயர்களைத் தமிழிலேயே வைக்கிறேன். பைதான் 3-இல் இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல: --மாதம் என்று ஆப்ஷன் சேர்த்தால், நிரலுக்குள் ஆர்க்ஸ்.மாதம் என்று எடுக்கலாம், ஓடும். அலுவலகத்தில் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது என்பது வேறு விஷயம்.

பைதான் கணக்கு.பை --மாதம் 2024-04 --பார்ட்டி "ஏதோ & சன்ஸ்" பில்கள்.சிஎஸ்வி

கோடு இல்லாமல் சும்மா நிற்பது நிரல் எதன்மேல் வேலை செய்கிறதோ அது மட்டுமாக இருக்கட்டும், அதாவது கோப்புகள். மற்றதெல்லாம் பெயருள்ள ஆப்ஷன். 'முதலில் மாதம், இரண்டாவது பார்ட்டி, மூன்றாவது ஃபோல்டர்' என்று வரிசையை நம்பும் நிரலை ஆறு மாதம் கழித்து எழுதியவராலேயே ஓட்ட முடியாது. அதுவும் இரண்டு சரங்களை இடம் மாற்றிக் கொடுத்தால் எரர் வராமல் தப்பான கணக்கு வரும், அது எரரைவிட ஆபத்து.

பல பார்ட்டிகளை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டுமா? ஓர் ஆப்ஷனுக்கு எத்தனை மதிப்பு என்று சொல்லும் என்ஆர்க்ஸ் என்ற இடத்தில் கூட்டல் குறி போடத் தோன்றும். போட்டால் --பார்ட்டி-க்குப் பின்னால் வரும் எல்லாத் துண்டையும், உங்கள் சிஎஸ்வி பெயர் உட்பட, பார்ட்டி என்றே விழுங்கிவிடும். ஆக்‌ஷன் என்பதில் அப்பென்ட் என்று போடுங்கள். பார்ட்டிக்கு ஒரு --பார்ட்டி. அடிப்பது கொஞ்சம் கூடும், குழப்பம் இருக்காது.

மதிப்புகளின் வகையில்தான் உங்கள் தொழிலின் சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. வருவது எல்லாமே எழுத்துச் சரம், டைப் என்ற இடத்தில் எந்த ஃபங்ஷனைக் கொடுக்கிறீர்களோ அதற்குள் போட்டு எடுத்துத்தான் ஆர்க்பார்ஸ் உங்களிடம் தருகிறது. பில் எண்ணுக்கு, முழு எண்ணாக மாற்றும் இன்ட் போடாதீர்கள். 00417 என்ற பில் 417 ஆகிவிடும், பிறகு சிஎஸ்வி-யில் தேடினால் கிடைக்காது. எண் மாதிரி இருந்தாலும் கூட்டிக் கழிக்கப்போவதில்லை என்றால் அது சரம்தான். தொகைக்கு இன்ட் போட்டால் வேறு பிரச்சினை: நம் ஆட்கள் 1,25,000 என்றுதான் அடிப்பார்கள், காற்புள்ளியைப் பார்த்ததும் இன்ட் கையை விரித்துவிடும். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு டெசிமலாக மாற்றும் ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி அதை டைப்பாகக் கொடுங்கள். பின்னங்களைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் காசுக் கணக்கில் வேண்டாம்.

கிரெடிட் நோட்டுக்காக மைனஸ் தொகை கொடுக்கும்போது ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள். --கழிவு -500 என்றால் ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். --கழிவு -1,250 என்றால் மதிப்பே கொடுக்கவில்லை என்று சொல்லும். கோட்டில் ஆரம்பிக்கும் துண்டு குறை எண்ணா, ஆப்ஷனா என்று ஆர்க்பார்ஸ் ஒரு சின்ன வடிவப் பொருத்தத்தால் முடிவு செய்கிறது. இலக்கங்களும் புள்ளியும் மட்டும் இருந்தால் எண், நடுவில் காற்புள்ளி வந்தால் 'இது ஏதோ தெரியாத ஆப்ஷன்' என்று ஒதுக்கிவிடும். நீங்கள் எழுதிய டைப் ஃபங்ஷன்வரை அது வந்து சேர்வதே இல்லை. சமக்குறி போட்டு --கழிவு=-1,250 என்று ஒட்டிக் கொடுத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. உதவிக் குறிப்பில் இந்த வடிவத்தையே எடுத்துக்காட்டாகப் போட்டுவிடுங்கள்.

தேதியில் 03/04/2024 என்பதை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம். ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்று கப்பல் கம்பெனியின் தாளுக்கும் உங்கள் தாளுக்கும் சண்டை வரும். ஆண்டு-மாதம்-நாள் வரிசை மட்டும். பைதானின் டேட்.ஃப்ரம்ஐசோஃபார்மட்-ஐ நேரடியாக டைப்பாகக் கொடுத்தால் வேலை நடக்கும், ஆனால் தப்பாகக் கொடுப்பவருக்கு வரும் செய்தி 'செல்லாத ஃப்ரம்ஐசோஃபார்மட் மதிப்பு' என்று ஃபங்ஷன் பெயரோடு வரும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அதில் என்ன புரியும்? நான்கு வரியில் சொந்த ஃபங்ஷன் எழுதி, ஆர்க்யுமென்ட்டைப்எரர் என்பதைக் கிளப்பி, '2024-04-03 என்ற வடிவில் கொடுங்கள்' என்று தமிழிலோ ஹிந்தியிலோ சொல்லுங்கள்.

ஆம், இல்லை என்ற வகைக்கு டைப் என்பதில் பூல் கொடுக்காதீர்கள். --ஜிஎஸ்டி ஃபால்ஸ் என்று அடித்தால் உள்ளே ட்ரூ வரும். காலியில்லாத எந்தச் சரமும் பைதானுக்கு உண்மைதான், 'ஃபால்ஸ்' என்ற சரம் உட்பட. ஸ்டோர்_ட்ரூ என்ற ஆக்‌ஷனைப் போடுங்கள். இருந்தால் ஆம், இல்லையென்றால் இல்லை. இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் பைதான் 3.9-லிருந்து பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன் இருக்கிறது, 'நோ' முன்னொட்டோடு எதிர்மறை ஆப்ஷனையும் அதுவே உண்டாக்கிக் கொடுக்கும். ஜிஎஸ்டி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உதவி வாசகத்தில் '18% ஜிஎஸ்டி சேர்க்கும்' என்று எழுதினால் பெரும்பாலான பதிப்புகளில் நிரல் ஒழுங்காக ஓடும், யாராவது உதவி கேட்கும்போது மட்டும் வெடிக்கும். அந்த வாசகத்தில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் இருப்பதால் இரண்டு முறை போட வேண்டும்.

ஆர்க்பார்ஸில் எனக்குப் பிடிக்காத ஒன்று, பெயரைச் சுருக்கினாலும் ஏற்றுக்கொள்வது. --மா என்று அடித்தால் --மாதம் என்று அதுவே புரிந்துகொள்ளும். வசதியாகத்தான் தெரியும். அடுத்த வருஷம் நீங்கள் --மாநிலம் என்று ஓர் ஆப்ஷன் சேர்ப்பீர்கள். யாரோ ஒருவர் கட்டளைகளை எழுதி வைத்த பேட்ச் கோப்பில் ஒளிந்திருந்த --மா அன்றைக்கு எதைச் சொல்கிறது என்று தெரியாமல் நின்றுவிடும். பார்சரை உண்டாக்கும்போதே அலோ_அப்ரெவ் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், பைதான் 3.5 முதல் இருக்கிறது.

கட்டளையை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'இதை அப்படியே ஒட்டு' என்று சொல்லும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஐபோனில் ஸ்மார்ட் பங்க்சுவேஷன் இருந்தால், நீங்கள் அடிக்கும் இரண்டு சிறு கோடும் ஒரு நீளக் கோடாக மாறிப் போகும். வேர்டிலும் இதே கூத்து, மேற்கோள் குறிகளும் வளைந்துகொள்ளும். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பார்சருக்கோ அது கோடே இல்லை, ஏதோ ஒரு எழுத்து. '—மாதம்' என்பதைக் கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சொல்லும். சொல்லப்பட்ட குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு என்பதால் பயனர் சுற்றிச் சுற்றி வருவார். பார்ஸ் செய்யும் முன் துண்டுகளை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். முதல் எழுத்து நீளக் கோடாக இருந்தால் 'கோடு மாறியிருக்கிறது, ஒட்டாமல் கையால் அடியுங்கள்' என்று சொல்லி நிறுத்துங்கள். தானாகத் திருத்தி ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை, வளைந்த மேற்கோளும் கூடவே வந்திருந்தால் துண்டுகளே தப்பாக வெட்டப்பட்டிருக்கும்.

தமிழில் பார்ட்டி பெயரோ கோப்புப் பெயரோ வைக்கப்போகிறீர்கள் என்றால் 'கொ' என்ற எழுத்தைக் கவனியுங்கள். யூனிகோடில் அதை க, ொ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று தரம் சொல்கிறது, திரையிலும் ஒன்றாகவே தெரியும். யுடிஎஃப்-8-இல் ஒன்று 6 பைட், இன்னொன்று 9 பைட். பைதான் இரண்டையும் ஒப்பிட்டால் வேறு என்றே சொல்லும். 'கொள்முதல்' என்று கட்டளையில் அடித்தது சிஎஸ்வி-யில் இருக்கும் 'கொள்முதல்' உடன் பொருந்தாமல் போவது இப்படித்தான். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இந்த நிலைமை. ஆர்க்யுமென்ட்டாக வருவதையும் கோப்பிலிருந்து படிப்பதையும் யூனிகோட்டேட்டா மாட்யூலால் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸில் பைதானுக்குத் தமிழ் ஆர்க்யுமென்ட் உள்ளே வருவதில் சிக்கல் இல்லை. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போதுதான் என்கோடிங் எரர் வரும். அதற்கு பைதான்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறியை 1 என்று வையுங்கள்.

கடவுச்சொல்லை ஆர்க்யுமென்ட்டாக வாங்காதீர்கள். கணக்கை மெயிலில் அனுப்ப --பாஸ்வேர்ட் என்று ஓர் ஆப்ஷன் வைக்கத் தோன்றும். லினக்ஸில் அந்த இயந்திரத்தில் கணக்கு உள்ள வேறு எவரும் பிஎஸ் கட்டளை போட்டு ஓடும் நிரல்களின் ஆர்க்யுமென்ட்டை முழுசாகப் பார்க்கலாம், ஷெல்லின் ஹிஸ்டரியிலும் பதிந்துவிடும். கெட்பாஸ் மாட்யூலால் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் உரிமை கட்டுப்படுத்திய ஒரு கோப்பில் வையுங்கள். மற்ற அமைப்புகளைப் பொறுத்தவரை வழக்கமான முன்னுரிமை இது: கட்டளையில் சொன்னது முதலில், சூழல் மாறி அடுத்து, கான்ஃபிக் கோப்பு அதற்கப்புறம், நிரலுக்குள் இருக்கும் இயல்பு மதிப்பு கடைசி.

எரர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். உதவி கேட்டால் அது நிலையான வெளியீட்டில் வர வேண்டும், நிரல் 0 என்ற எக்ஸிட் எண்ணோடு (முடியும்போது நிரல் விட்டுச்செல்லும் எண்) முடிய வேண்டும். தப்பாகக் கூப்பிட்டால் செய்தி எரர் வெளியீட்டுக்குப் போக வேண்டும், அந்த எண் 0 ஆக இருக்கக்கூடாது. ஆர்க்பார்ஸ் 2 கொடுக்கும். நீங்கள் எழுதிய சோதனைகளுக்கும், உதாரணமாக முதல் தேதி கடைசித் தேதிக்குப் பின்னால் இருந்தால், பார்சர்.எரர் என்பதையே கூப்பிடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி வரும். ராத்திரி டாஸ்க் ஷெட்யூலரில் ஓடும் நிரலுக்கு வெற்றி தோல்வி சொல்ல அந்த எண் ஒன்றுதான் வாய்.

நீளத்துக்கும் எல்லை உண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒரு வரி 8,191 எழுத்து, விண்டோஸ் ஒரு நிரலுக்குக் கொடுக்கும் மொத்தச் சரம் 32,767. லினக்ஸில் வழக்கமாக எல்லாம் சேர்த்து சுமார் 2 எம்பி, ஒரே துண்டு 128 கேபி. வருஷத்துக்கான பில்களை நட்சத்திரம் போட்டு விரித்தால் இதில் இடிக்கலாம். அதற்கு ஃபோல்டரைக் கொடுத்து நிரலே தேடிக்கொள்வது ஒரு வழி. இன்னொரு வழி, பார்சரில் ஃப்ரம்ஃபைல்_ப்ரிஃபிக்ஸ்_சார்ஸ் என்பதில் @ குறியை வைப்பது, @பட்டியல்.டிஎக்ஸ்டி என்று கொடுத்தால் அந்தக் கோப்பில் வரிக்கு ஒன்றாக இருப்பவற்றை ஆர்க்யுமென்ட்டாக எடுத்துக்கொள்ளும்.

வேறு மொழிக்குப் போகும் நாள் வந்தால் இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். சி-யிலும் பைதானிலும் பூஜ்யமாவது இடத்தில் நிரலின் பெயர் இருக்கும். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் மெயினுக்கு வரும் பட்டியலில் அது இருக்காது, முதல் ஆர்க்யுமென்ட்டே பூஜ்யத்தில். கோ மொழியின் ஃபிளாக் பேக்கேஜ் ஒற்றைக் கோட்டையும் இரட்டைக் கோட்டையும் ஒன்றாகவே பார்க்கும், கோடில்லாத முதல் துண்டைக் கண்டதும் ஆப்ஷன் தேடுவதை நிறுத்திவிடும். கோப்புப் பெயருக்குப் பின்னால் ஆப்ஷன் கொடுத்துப் பழகியவர்களுக்கு அது எரிச்சல். சி-யில் எழுதுகிறவர்கள் பூஜ்யமாவது துண்டு கட்டாயம் இருக்கும் என்று நம்புவதும் தப்பு. 2022 ஜனவரியில் வெளியான, லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டப் பயன்படும் பிகேஎக்ஸெக் நிரலின் பெரிய பாதுகாப்பு ஓட்டைக்குக் காரணமே, துண்டுகள் ஒன்றுமில்லாத காலிப் பட்டியலோடு அந்த நிரலைக் கிளப்ப முடிந்ததுதான். 2009-லிருந்து அது அங்கேயே இருந்தது.

எழுதும்போது மெயின் ஃபங்ஷனுக்கு ஆர்க்வி என்று ஒரு அளவுரு வைத்து, இயல்பு மதிப்பாக நன் (None) கொடுத்து, அதை பார்ஸ்_ஆர்க்ஸ்-க்கு அனுப்புங்கள். சும்மா ஓட்டும்போது அது சிஸ்.ஆர்க்வி-யை எடுத்துக்கொள்ளும். சோதிக்கும்போது ஷெல்லே இல்லாமல் ஒரு பட்டியலை நேராகக் கொடுத்துப் பார்க்கலாம், மேலே சொன்ன -1,250 மாதிரியான கேஸ்களை எல்லாம் டெஸ்ட்டாகவே எழுதி வைத்துவிடலாம்.

அப்புறம், அலுவலகத்தில் டெர்மினல் பக்கமே வராதவர்களுக்கு ஒரு பேட்ச் கோப்பு எழுதிக் கொடுங்கள். உள்ளே கணக்கு.பை-யைக் கூப்பிட்டு, கடைசியில் %* என்று போட்டால் வந்த ஆர்க்யுமென்ட் எல்லாம் அப்படியே உள்ளே போகும். எக்ஸ்ப்ளோரரில் சிஎஸ்வி கோப்புகளை இழுத்து அந்தப் பேட்ச் கோப்பின்மேல் போட்டால் கோப்புகளின் பாதைகளே ஆர்க்யுமென்ட்டாக வரும், யாரும் எதையும் அடிக்க வேண்டாம். பாதையில் இடைவெளி இருந்தால் எக்ஸ்ப்ளோரரே மேற்கோள் போட்டுவிடும்; இடைவெளி இல்லாமல் '&' மட்டும் இருந்தால் போடாது, அப்படிப்பட்ட கோப்புகளுக்கு மட்டும் பெயர் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்ச் கோப்பின் கடைசி வரியில், ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கும் பாஸ் (pause) என்று போட மறக்காதீர்கள். இல்லையென்றால் எரர் வந்த வேகத்தில் ஜன்னல் மூடிவிடும், என்ன வந்தது என்று உங்களுக்குப் போன் செய்து சொல்லக்கூட அவர்களால் முடியாது.